பத்துச் சில்லு லொறியும் பேசாத மாமியும்

அத்தியாயம் 9

உதயரூபனுக்கு லொறி கிடைத்துவிட்டது.

ஏறாவூர் அரிசி மில் முற்றத்தில், மூட்டை அடுக்குக்கும் மதிலுக்கும் நடுவே பத்துச் சில்லு லொறியைப் பின்பக்கமாக எடுத்துக் காட்டச் சொல்லி ஜிப்ரி ஹாஜியார் போன வாரம் அவனை வியர்க்க வைத்தாரே, அந்தச் சோதனையில் ஆள் தேறிவிட்டான். வயல் வட்டைகளில் அறுவடை மெசின் ஓட்டியவன், கனரக லைசென்ஸுக்காக நாயாய் அலைந்தவன், இன்று அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறான். அவன் மனைவி கஜானிக்குக் கால் தரையில் படவில்லை.

ஆனால் ஹாஜியார் வேலையை முழுசாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முதல் லோட் நாளைக் காலை கொழும்புக் கடை திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால்தான் லொறி அவனுக்கு. அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்பிருந்த டிரைவர் பாதி வழியில் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பதில் பேர்போனவர். மாமனார் காலமாகிவிட்டார் என்பார். ஒரே மாமனார் மூன்று தடவை காலமானதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஹாஜியார் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

"நடுவழியில கிறுகி வந்தா வீட்டுக் கதை ஒண்டும் நான் கேக்கமாட்டன் தம்பி. திறப்ப மில்லுல வச்சிட்டுப் போறதுதான்." லொறிச் சாவியை நீட்டியபடி தன்மையாகத்தான் சொன்னார், ஆனால் சிரிக்காமல் சொன்னார்.

இது மங்கையற்கரசிக்கும் தெரியும். கஜானியின் தாய் அவள். மருமகன் வந்து மகளிடம் சொன்னபோது குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் ஏன் நிற்கவேண்டும் என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்பீர்கள். ஊர் வழமைப்படி வீடு கஜானிக்குச் சீதனம்; மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருக்கிறான். வந்த நாளிலிருந்து மாமி மருமகனுக்கு முன்னால் நிற்பதில்லை, நேராகக் கதைப்பதில்லை. சண்டையா? சீ, சீ. அது மரியாதை. இந்தக் காலத்திலுமா என்று மூக்கில் விரல் வைக்கவேண்டாம். ஊரில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்தான், மங்கையற்கரசி விடவில்லை. அவளுடைய தாய் அப்படி நடந்தவள், அவளும் அப்படி.

சொல்லவேண்டியதைக் கஜானியிடம் சொல்லுவாள். கஜானி இல்லாவிட்டால் பூனையிடம் சொல்லுவாள். "மழை இருட்டுது, குடையக் கொண்டுபோனா நல்லம், என்ன பூனை?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும். முன் விறாந்தையில் உதயரூபன் பேசாமல் குடையை எடுப்பான். இரண்டு வருடமாக அந்த வீடு இப்படித்தான் ஓடுகிறது. எப்போதாவது நேரில் கதைக்க நேர்ந்தால் அவனை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. தேவைப்படும் என்று அவள் நினைக்கவேயில்லை.

ஆனால் அவனைப்பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. எந்தக் கறியில் இரண்டாம் தரம் கை போகும், எந்தச் சட்டையின் பொத்தான் தளர்ந்திருக்கிறது, மனசு சரியில்லாத நாளில் செருப்பை எந்தக் கோலத்தில் கழற்றிப் போடுவான், எல்லாம் தெரியும். ஆளைத்தான் தெரியாது. அந்த ஆள் உண்மையில் எப்படிப்பட்டவன் என்ற ஆவல் அவளுக்குள் இரண்டு வருடமாக அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று அந்த அரிப்போடு லொறியும் சேர்ந்துகொண்டது.

சித்தாண்டியில் அவர்கள் வீட்டு வாசலில், வாகை மரத்துக்குக் கீழே, மத்தியானம் வந்து நின்றது அது. மில்லில் அரிசி ஏற்றி, படங்கு போட்டு மூடி, கயிறு இழுத்துக் கட்டியாயிற்று. வீட்டில் சாப்பிட்டுவிட்டு நல்ல நேரம் முடிவதற்குள் புறப்படவேண்டும். மாமனார் கோணாமலை தேங்காய் உடைத்தார், சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கம்பக்கம் எல்லாம் கூடிப் பார்த்தது. மங்கையற்கரசி குசினி யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தாள். தெரிந்ததோ ஒரு சில்லும் அரைவாசிச் சிவப்பு லைட்டும்தான். அவளுக்குப் பெரிய கடுப்பாகிவிட்டது.

உதயரூபன் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தான். கோணாமலை பக்கத்தில். கஜானி பரிமாறினாள். எல்லாவற்றையும் குசினி வாசல்வரை கொடுத்து முடித்த பிறகு மங்கையற்கரசியின் கையில் ஒன்று மிஞ்சியது. முருகன் கோயிலில் காலையில் போய் வாங்கிவந்த திருநீற்றுப் பொட்டலம். அதைக் கஜானியிடம் கொடுத்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

அவள் கொடுக்கவில்லை. நாமே கொண்டுபோய் வைத்துவிடுவோமே, எல்லாரும் சாப்பாட்டில் இருக்கிறார்கள், ஒரு நிமிச வேலைதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, பின்படலையைத் திறந்து, வேலி ஓரமாகச் சுற்றி ரோட்டுக்கு வந்தாள்.

கிட்டத்தில் லொறி மலைபோல நின்றது. கதவு வெக்கைக்குத் திறந்தே கிடந்தது. பூசை முடிந்த வண்டி என்பதால் கோயில் வாசலில் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கைபிடியைப் பிடித்து, ஏறிவிட்டாள்.

அடேயப்பா! உள்ளே ஓர் அறையே இருந்தது. டிரைவர் சீட், இந்தப் பக்கம் ஒரு சீட், இரண்டுக்கும் பின்னால் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய மெத்தை, அதற்கு முன்னால் இழுத்து மூட ஒரு திரை. திருநீற்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். வைத்தவள் இறங்கியிருக்கலாம். ஒரே ஒரு தரம், ஒரே ஒரு தரம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டு மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. எதிர்வீட்டுக்காரி மிளகாய் காயப்போட்டிருந்தாள். இத்தனை வருடமாக அந்த மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாழ்ந்திருக்கிறோமே என்று மங்கையற்கரசிக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போது முன்வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மருமகன் வந்துகொண்டிருந்தான்.

இறங்க வேண்டுமென்றால் அவன் கண்ணுக்கு முன்னால், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, டிரைவர் சீட்டிலிருந்து இறங்கவேண்டும். மாமியார் செய்கிற காரியமா அது? மங்கையற்கரசி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. திரைக்குப் பின்னால் புகுந்து மெத்தையில் குறண்டிக்கொண்டாள். எதையாவது வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போவான், அந்த இடைவெளியில் இறங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு.

அவன் ஏறினான். கதவைச் சாத்தினான். லொறி உறுமியது. கஜானி கீழே நின்று "கவனம், போய்ச் சேந்தோடன போன் எடுங்க" என்றாள். நல்ல நேரம் போகிறது என்று கோணாமலை அவசரப்படுத்தினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

அம்மாவைக் காணோமே என்று யாராவது நினைத்தார்களா? ஒருவரும் நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்கள்? மருமகன் முன்னால் இருக்கும்போது மாமி கண்ணில் படாமல் இருப்பதுதானே அந்த வீட்டு வழக்கம்.

கிரானில் டீசல் அடிக்க நிறுத்துவான், இறங்கிவிடலாம் என்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினான். ஆனால் ஆள் சீட்டை விட்டு அசையவில்லை. சின்னப் பிள்ளை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல அவன் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். லொறி திரும்பவும் ரோட்டில் ஏறியது. குசினியில் சார்ஜில் போட்டுவந்த தன் போன் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

என்ன செய்வது என்று தெரியாதபோது மனிசர் செய்கிற ஒன்றையே அவளும் செய்தாள். திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தாள்.

ரோடு கீழே எங்கேயோ ஓடியது. பஸ்ஸின் தலை அவள் காலடியில் தெரிந்தது. முன்பு ஒரேயொரு தரம் அவள் கொழும்புக்குப் போனது ரயிலில், அதுவும் இருட்டில். யன்னலில் தன் முகம் தெரிந்ததைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. இப்போது பகல் வெளிச்சத்தில், வாழைச்சேனைச் சந்தியில் மீன் வியாபாரிகளின் குடைகளை மேலிருந்து பார்த்தாள். ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடந்தது. வள்ளத்தில் நின்று வலை வீசியவனின் உச்சி வழுக்கைகூடத் தெரிந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

வெளியே பார்த்தது பாதி. மீதி, மருமகனைப் பார்த்தாள்.

வீட்டில் வாய் திறவாத மருமகன் தனியே இருந்தால் ஓயாமல் கதைக்கிறவன் என்று அன்றுதான் கண்டாள். லொறியோடு கதைத்தான். "மெல்ல மெல்ல, அவன் போகட்டும், நமக்கென்ன அவசரம்" என்று அதைத் தேற்றினான். பொலிஸ் மறித்தால் சொல்லவேண்டிய சிங்களத்தை வாய்க்குள் மனப்பாடம் செய்தான். ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, எதுவும் பிடிக்காமல் தலையைச் சொறிந்தான். பயப்படுகிறான் என்று அவளுக்கு விளங்கியது. பாவமாக இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே கிடந்த பொட்டலம் அவன் கண்ணில் பட்டது. எடுத்து மடிப்பைப் பார்த்தான். "மாமிர மடிப்பு" என்று தனக்குள் சொல்லி, ஒற்றைக் கையால் பிரித்து நெற்றியில் பூசிக்கொண்டான்.

தன் மடிப்பு அவனுக்குத் தெரியும்! இவ்வளவு நாளும் தான்தான் அவனைக் கவனிக்கிறேன் என்று நினைத்திருந்தாளே.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. போன் அடித்தது. அவன் அதை முன்னால் ஒரு பிடியில் மாட்டி ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கதிரவெளியிலிருந்து அவனுடைய தங்கச்சி பிரஷாந்தி. லொறிக்காரர் எப்படி இருக்கிறார் என்று பகிடி பண்ணினாள், அம்மா கும்பிட்டபடி இருக்கிறா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வத்தளை வீட்டுக்காரர் கதைச்சவரோ?"

"ஓம். நாளைக்கு அரிசி இறக்கினதும் போய்ப் பாக்கிறன். ரெண்டு அறை, ஒரு குசினி. ரெண்டு பேருக்குக் காணும்தானே. இந்த வேலை நிலைச்சா அடுத்த மாசமே கஜானியக் கூட்டிக்கொண்டு போயிருவன்."

"மச்சாளுக்குச் சொல்லிட்டீங்களோ?"

"இன்னும் இல்ல. இப்ப சொன்னா அழுவா. வீட்டப் பாத்திட்டுச் சொல்லுவம். நீ வாயத் துறந்திராத."

திரைக்குப் பின்னால் குறண்டிக் கிடந்த மங்கையற்கரசி எழுந்து குந்திவிட்டாள்.

கூட்டிக்கொண்டு போகிறதா? எங்கே கூட்டிக்கொண்டு போகிறது? கஜானிக்காகக் கட்டிய வீடு அது. ஒவ்வொரு போகத்து நெல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுப்பி, அவள் பேருக்கு எழுதி, கடைசியில் தாங்களும் மகளும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறோம் என்ற நிம்மதியில் இருந்தார்கள். அதில் என்ன குறை கண்டான் இவன்? சோற்றில் குறையா? தலைமாட்டில் போடுகிற தலையணை உறையில் குறையா? பெண்ணை எடுத்தவன் பெண்ணின் ஊரையே விட்டுப் பெயர்த்துக்கொண்டு போவானாம், அதுவும் கொழும்புப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு! ஒரு சொல் நேரில் பேசாத வாயால் அவனுக்கு எத்தனையோ ஏச்சு ஏசினாள், எல்லாம் மனசுக்குள்தான்.

ரிதிதென்ன தாண்டியது. இரண்டு பக்கமும் காடு வந்தது. புணானைக்குக் கிட்ட வாகனங்கள் வரிசையாக நின்றன. யானைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. குட்டியை நடுவில் விட்டு, ஆற அமர, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி. உதயரூபன் எஞ்சினை நிறுத்தினான். "நேரமாகுது தாயே, கெதியாப் போங்க" என்று முன்னால் போன பெரிய யானையைக் கெஞ்சினான். வேறொரு நாளென்றால் மங்கையற்கரசி அந்தக் குட்டியைப் பார்க்கத் திரையைக் கிழித்திருப்பாள். இன்று யானை கண்ணில் பட்டும் மனசில் படவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. கஜானி.

"இஞ்சாருங்க, அம்மாவக் காணல்ல."

"குசினிக்குள்ள பாத்தியா?"

"நீங்க இல்லாத நேரம் அம்மா ஏன் குசினிக்குள்ள இருக்கிறா?" கஜானியின் குரல் உடைந்தது. போன் குசினியில் கிடக்கிறதாம். கிணற்றடி, கோயில், அயல்வீடு எல்லாம் தேடியாயிற்றாம். அப்பா ஆற்றங்கரைப் பக்கம் ஓடியிருக்கிறாராம். "செருப்பு ரெண்டும் ரோட்டுக்கரையில கிடக்கு. வாகை மரத்துக்குக் கீழ. எனக்குப் பயமாக் கிடக்கு."

செருப்பு! மங்கையற்கரசி தன் வெறுங்காலைப் பார்த்தாள். அங்கே மகள் அழுகிறாள், புருசன் ஆற்றங்கரையில் தேடுகிறார், இங்கே தான் மெத்தையில் குந்தியிருக்கிறாள். வெட்கத்தில் உடம்பு கூசியது.

"அழாத. நான் வாறன்" என்றான் உதயரூபன்.

கடைசி யானையும் காட்டுக்குள் போய்விட்டது. முன்னால் நின்ற வாகனங்கள் நகர்ந்தன. அவன் நகரவில்லை. பெரிய லொறி அந்த ரோட்டில் அப்படி லேசில் திரும்பாது. கொஞ்சம் தள்ளி ஒரு மண்பாதை காட்டுக்குள் பிரிகிற இடம் தெரிந்தது. அதில் முகத்தைக் கொடுத்துத் திருப்பலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஹாஜியாருக்குப் போன் எடுத்தான்.

ஜிப்ரி ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"முந்தின டிரைவருக்கு மாமனார். உங்களுக்கு மாமி."

"பொய்யில்ல ஹாஜியார்."

"பொய்யெண்டு நான் சொல்லல்ல. காலையில அரிசி போகாட்டி அந்தக் கடைக்காரன் இனி எங்கட மில்லப் பாக்கமாட்டான். தேட ஊரில ஆக்கள் இரிக்காங்க. நீங்க லொறிய விடுங்க. கிறுகினா நான் சொன்னது சொன்னதுதான்."

உதயரூபன் அந்த மண்பாதையைப் பார்த்தான்.

திரைக்குப் பின்னால் மங்கையற்கரசிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். லொறி திரும்பும், வேலை போகும், வத்தளை வீடும் அதோடு போகும். மகள் தன்னோடு இருப்பாள். மில் முற்றத்தில் அவன் இறங்கிப் போன பிறகு மெல்ல இறங்கி வீட்டுக்கு வந்து, சித்தி வீட்டில் இருந்தேன் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரிய வராது. சும்மா இருப்பது அவளுக்குப் புதிதா என்ன? இரண்டு வருடமாகச் செய்கிற வேலைதானே.

"சரி ஹாஜியார்" என்றான் உதயரூபன். "திறப்பக் கொண்டாந்து தாறன். எனக்குச் சோறு போடுற மனிசியக் காணல்ல, நான் கொழும்புக்குப் போய் என்ன செய்ய?"

அவன் எஞ்சினை இயக்கினான். கியர் போட்ட கை அவளுக்குத் தெரிந்தது. லைசென்ஸுக்காக அவன் அலைந்த நாள்கள் அவளுக்குத் தெரியும். மெசின் ஓட்டிக் காய்த்துப்போன அந்தக் கை சோறு பிசையும்போது எரிகிறது என்று கஜானி சொல்லி, அவள்தான் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அந்தக் கை இப்போது லொறியை மண்பாதைப் பக்கம் வளைத்தது.

மகள் போகட்டும், போகாமல் இருக்கட்டும். இது அநியாயம். தன் வாய்க்குள் இருக்கிற ஒரு சொல்லுக்காக இவன் வாழ்க்கை திரும்புவது பச்சை அநியாயம்.

ஆனால் என்னவென்று கூப்பிடுவது? மருமகன் என்பதா, தம்பி என்பதா? யோசிக்க நேரமில்லை. வாயில் வந்தது வந்தது.

"மகன், திருப்பாதீங்க. நான் இஞ்ச இரிக்கன்."

பிறேக் கிறீச்சிட்டது. லொறி குலுங்கி நின்றது.

உதயரூபன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நிலைமையிலும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி, தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியை, திரை அதில் தெரியாதபடி, மேலே தள்ளிவிட்டான். பிறகுதான் கேட்டான்.

"மாமியோ?"

"ஓம்."

"ஆரு அது?" என்று போனில் ஹாஜியார் கேட்டார். அழைப்பு இன்னும் வெட்டப்படவில்லை.

"மாமிதான் ஹாஜியார். கிடைச்சிட்டா."

"எங்க?"

"லொறிக்குள்ள."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். பிறகு, முந்தின டிரைவருக்கு இந்தளவுக்கு மூளை வேலை செய்யவில்லை என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. காலையில் கடை வாசலில் லொறி நின்றால் தனக்கு ஒன்றுமில்லை, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தான் கேட்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இனித்தான் கஷ்டம். லொறிக்குள் இரண்டு பேர். நடுவில் பூனை இல்லை.

"கஜானிக்கு ஒரு மெசேஜ் போடுறன்" என்று உதயரூபன் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். போட்டான். வெலிக்கந்தையில் மட்டக்களப்பு பஸ் நிற்கும், அதில் ஏற்றிவிடலாம் என்றும் கண்ணாடிக்கே சொன்னான். லொறி மறுபடியும் கொழும்பு முகமாக ஓடத் தொடங்கியது. அவன் காது மட்டும் சிவந்துபோய் இருந்தது. தங்கச்சியோடு கதைத்தது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு வருடத்து மரியாதை ஒரு சொல்லில் உடைந்தாயிற்று. இனி எதை மூடி வைப்பது?

"எங்கட வீட்டுல என்ன குறை கண்டீங்க?" என்று நேராகவே கேட்டாள். "வத்தளைக்குப் போறதுக்கு."

ஒரு வளைவு போனது. எதிரே ஒரு பஸ் போனது.

"குறை ஒண்டும் இல்ல மாமி. நான் வந்த நாள்ல இருந்து உங்கட வீட்டு முன்வாசலால நீங்க போய் வந்தத நான் ஒரு நாளும் காணல்ல. டீவி முன்னுக்கு வந்து இருந்ததக் காணல்ல. காத்து வாற விறாந்தையில நான் இரிக்கன், நீங்க அடுப்படிக்குள்ள வேகுறீங்க. உங்கட வீடு. கோழி மாதிரிப் பின்பக்கத்தால ஓடித் திரியிறீங்க. நான் போனாத்தான் நீங்க வெளிய வரலாம் எண்டு நினைச்சன். எங்க போறது எண்டு தெரியாமத்தான் இந்த வேலையத் தேடினன்."

மங்கையற்கரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கு ஏசிய ஏச்சுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவளையே சுட்டன. மரியாதை மரியாதை என்று தான் அடுப்படியில் ஒளிந்திருக்க, அந்த மரியாதை அவனை அல்லவா வீட்டை விட்டு விரட்டியிருக்கிறது. நல்லவேளை, திரை இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெலிக்கந்தைக் கடைத்தெரு வந்தது. மட்டக்களப்பு பஸ் எதிர்ப்பக்கத்தில் நின்றது. கண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உதயரூபன் லொறியை ஓரம் கட்டினான். மாமி வெறுங்காலோடு வந்திருப்பது தெரிந்து, செருப்பு ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

திரை விலகியது. மங்கையற்கரசி சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். இறங்கவில்லை. இந்தப் பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரமும் விரல் அளவு இடுக்கால் பார்த்த ரோடு முழுசாக அவளுக்கு முன்னால் கிடந்தது.

"அந்த வத்தளை வீட்டுக்கு எத்தின வாசல்?" என்று கேட்டாள்.

உதயரூபன் முழித்தான். "பாக்கல்ல மாமி. நாளைக்குத்தான் பாக்கணும்."

"அப்ப லொறிய எடுங்க."

அவன் எடுத்தான். பஸ் கண்டக்டரின் குரல் பின்னால் போனது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இந்த முறை உதயரூபன் தொடவில்லை. நீங்களே கதையுங்கள் என்று தலையை ஆட்டினான். மங்கையற்கரசி எட்டி அமத்தினாள்.

"அம்மா! எங்கம்மா போனீங்க? லொறிக்குள்ளயோ? என்னம்மா இது, ஆக்கள் சிரிக்கப் போறாங்க. எந்த பஸ்ஸில வாறீங்க?"

"பஸ்ஸில வரல்ல புள்ள. நான் கொழும்புக்குப் போறன்."

"ஆரோட?"

"மருமகனோட."

கஜானி மெதுவாகக் கேட்டாள்: "கொழும்புக்கு என்னத்துக்கம்மா?"

மங்கையற்கரசி திரும்பி உதயரூபனைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவனும் அவளை நேராகப் பார்த்தான். வத்தளை வீட்டைப்பற்றிக் கஜானிக்கு இன்னும் ஒரு சொல்லும் தெரியாது என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.